வீட்டு வைத்தியத்துக்கு மூன்று கேள்விகள்

ஜாசின் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டம். எங்கள் லயத்தில் நான்காவது வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றாலை போயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. காலையிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் வாந்தியும் சேர்ந்துகொண்டது. பிள்ளை தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கையை நீட்டியது.

"குடுக்காதே புள்ளே, குடிச்சா இன்னும் போகும்" என்றார்கள் பெரியவர்கள். தாயும் அதை நம்பினாள். வேப்பிலை அடித்தார்கள். மாதுளந்தோல் கஷாயம் போட்டார்கள். திருநீறு பூசினார்கள். தண்ணீரை மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்த அம்மாள் எங்களைப் பார்த்தால் இதையேதான் சொல்லுவார்: "ஒரு வாய்த் தண்ணி கேட்டான். நான் குடுக்கலையே!"

அந்தத் தாயின் அன்பில் குறை சொல்ல முடியுமா? அவர் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம் அவருக்குத் தெரியாமல் போயிற்று. அதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் ஆளும் இல்லை.

வாசக நேயர்களே! நம் வீட்டில் அன்றாடம் வந்து போகும் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, இடுப்பு வலி, அசதி ஆகியவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எதை வீட்டிலேயே சமாளிக்கலாம், எந்த நேரத்தில் கைவேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

டிரஸ்ஸர் இருந்த காலம்

மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் நட்டார். அடுத்தடுத்துத் தோட்டங்கள் பெருகின. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து அந்தக் காடுகளில் மலேரியாவோடும் வயிற்றுக்கடுப்போடும் போராடினார்கள்.

பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் சிறு ஆஸ்பத்திரியும் டிரஸ்ஸரும் வந்தார்கள். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. காய்ச்சலென்றால் டிரஸ்ஸர், கத்தி பட்டால் டிரஸ்ஸர், பிரசவ வலியென்றாலும் டிரஸ்ஸர். அவர் கொடுக்கும் செந்நிற மருந்துத் தண்ணீரை நம்மில் பலர் இன்றும் மறந்திருக்க மாட்டோம்.

இன்று காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. மெர்லிமாவ், பெம்பான், டுரியான் துங்கல், அலோர் காஜா என்று நம் மக்கள் பட்டணத்தை ஒட்டிக் குடிவந்துவிட்டார்கள். பல தோட்டங்களில் டிரஸ்ஸர் இல்லை. ஆனால் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. மலாக்கா பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிற பொறுப்பு மட்டும் டிரஸ்ஸர் கையை விட்டு வீட்டுக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது.

அந்த முடிவை எடுக்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: இது எதனால் வந்தது?
இரண்டு: எத்தனை நாளாக இருக்கிறது?
மூன்று: எந்த அறிகுறியைக் கண்டால் உடனே புறப்பட வேண்டும்?

திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் மூலம் இன்னதென்றும் கண்டறிந்த பிறகே தணிக்கும் வழியில் இறங்கச் சொல்கிறார். நாமோ தைலத்தைத் தேய்த்து, வலி அடங்கியதும் மறந்துவிடுகிறோம். வலி அடங்குவது வேறு, நோய் தீர்வது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயிற்றுப்போக்கு: தண்ணீரே முதல் மருந்து

வயிற்றுப்போக்கில் பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் கிருமி நேரடியாக அன்று. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். வெறும் தண்ணீரைக் குடித்தால் உப்புக் கிடைக்காது. உப்புத் தண்ணீரை மட்டும் குடித்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அதில் சரியான அளவு சீனியைச் சேர்த்தால்? சீனி உப்பைக் கைபிடித்துக் குடலுக்குள் அழைத்துச் செல்கிறது. இரண்டின் பின்னாலேயே தண்ணீரும் போய்ச் சேர்கிறது. பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் குடலின் இந்த வேலை நடக்கிறது.

இதை உலகத்துக்கு நிரூபித்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ற வங்காளத்து மருத்துவர். 1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பொங்காவ் என்னும் ஊரில் காலரா பரவிற்று. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, தரையிலும் இடமில்லை, நரம்பில் ஏற்றும் மருந்துத் தண்ணீரும் தீர்ந்துபோயிற்று. அவர் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து பாத்திரங்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களையே கோப்பை கோப்பையாகப் புகட்டச் சொன்னார். அதற்கு முன் அந்த முகாம்களில் 100 பேருக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவருடைய பராமரிப்பில் அது 100க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் டாக்டரும் அல்லர், நர்ஸும் அல்லர். தாயும் தகப்பனும் அக்காளும் அண்ணனும்தான்! 2022இல் அந்த நல்ல மனிதர் காலமானார். அவர் வழிகாட்டிய மருந்து இன்று ஓ.ஆர்.எஸ். என்ற சிறு பாக்கெட்டாக எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது.

பாக்கெட் இருந்தால் அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் மட்டுமே கரையுங்கள். சில பாக்கெட் ஒரு கிளாஸுக்கு உரியது, சில ஒரு லிட்டருக்கு உரியது. பாக்கெட் இல்லாத நேரத்தில் வீட்டிலேயே செய்யலாம்:

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர்
சீனி 6 தேக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி

கரண்டியைக் கூம்பாக அள்ளக்கூடாது. விளிம்போடு வழித்து அளக்க வேண்டும். கடையில் வாங்கும் பெரிய தண்ணீர்ப் போத்தல் பெரும்பாலும் ஒன்றரை லிட்டர். அதில் கலந்தால் சீனி 9 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. கலந்ததும் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். உப்பு மிஞ்சினால் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு நாள் கலந்ததை மறுநாள் வைத்துக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் கால் கோப்பை முதல் அரைக் கோப்பை வரை. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரைக் கோப்பை முதல் ஒரு கோப்பை வரை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் போன்ற ஆகாரமும் கொடுக்கலாம். குளிர்பானமும் போத்தல் சர்பத்தும் வேண்டாம். அவற்றில் சீனி மிகுதி, பேதி கூடும். பேதியைக் கட்டும் பெரியவர்கள் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

புறப்பட வேண்டிய நேரம்: கண் குழிவிழுந்து போகிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே படிகிறது, பிள்ளை சோர்ந்து துவள்கிறது, மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிளம்புங்கள். போகிற வழியெல்லாம் புகட்டிக்கொண்டே போங்கள்.

காய்ச்சல்: விட்டுப்போன நாளில்தான் கவனம்

காய்ச்சல் என்பது உடம்பு கிருமியோடு போராடுகிறது என்பதற்கு அடையாளம். தெர்மோமீட்டரில் 38 பாகைக்கு மேல் போனால் காய்ச்சல். பிள்ளையைப் போர்வையில் மூட்டை கட்டாதீர்கள். மெல்லிய துணி உடுத்திக் காற்றாட விடுங்கள். நிறையத் தண்ணீர் கொடுங்கள். ஐஸ் தண்ணீரில் குளிப்பாட்டுவதும் தவறு.

பாராசிட்டமோல், அதாவது நாம் பெனடோல் என்று சொல்லும் மாத்திரை, காய்ச்சலுக்குப் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு. கிளினிக்கில் எடை போட்டு அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

நம் நாட்டில் காய்ச்சல் என்றதும் டெங்கியை நினைக்காமல் இருக்க முடியாது. திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிக்கிற உடம்பு வலி. இப்படி வந்தால் அஸ்பிரினும் அதுபோன்ற வலி மாத்திரைகளும் தொடவே கூடாது. இரத்தக் கசிவை அவை அதிகமாக்கும். இரண்டாம் நாளே கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்குகிறது. "அப்பாடா, விட்டுப்போச்சு" என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். டெங்கியில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்தக் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான்! கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், தலைசுற்றல், சிறுநீர் குறைதல். இவற்றைக் கண்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் ஓரளவு கூடியது தெரியவந்தது. ஆனால் தண்ணீர்ச் சத்துக் குறைவதையும் இரத்தக் கசிவையும் அந்தச் சாறு தடுத்துவிடும் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடாது. குடிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

டெங்கிக் கொசு தெளிந்து நிற்கிற தண்ணீரில் முட்டையிடும். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றோடு, வெட்டு நின்றுபோன மரத்தில் கவிழ்க்காமல் விட்ட பால்மங்கும் கொசுவுக்குத் தொட்டில்தான். வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

தோட்ட வேலை செய்பவர்களுக்கு இன்னொரு காய்ச்சலும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் நடக்கும்போது கால் புண் வழியாகக் கிருமி ஏறும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. இதுதான் எலிக்காய்ச்சல். காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்குக் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியாவும் இன்னும் இருக்கிறது. ஆகையால் டாக்டரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நான் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறேன்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

சளி, இருமல்: கடிகாரத்தைப் பாருங்கள்

சாதாரணச் சளிக்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும். சுக்கு, துளசி, கற்பூரவல்லிக் கஷாயம் தொண்டைக்கு இதமாயிருக்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும்முன் ஒரு கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது; தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் நரம்பைத் தாக்கும்.

கோடாலித் தைலம் இல்லாத வீடு நம்மிடையே உண்டா? பெரியவர்கள் தேய்த்துக்கொள்ளட்டும். கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தேய்க்காதீர்கள். அதன் காரம் சிறு குழந்தையின் மூச்சையே திணறவைக்கும். குடித்துவிட்டால் விஷம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

இருமலோடு பிள்ளை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால் சட்டையைக் கழற்றி, பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ நுரையீரலில் சளிக் காய்ச்சல் கண்டிருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், மெலிவும் இரவு வியர்வையும் சேர்ந்தால், காசநோயா என்று சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது வெட்கப்படவேண்டிய நோய் அன்று. வழக்கமாக ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும்.

தலைவலியும் இடுப்பு வலியும்

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வெறும் கோப்பியோடு வேலைக்காட்டுக்குப் போய், பத்து மணிக்குத்தான் பசியாறுகிறோம். தலை வலிக்காமல் என்ன செய்யும்? பல நேரம் தலைவலி பசியாலும் தாகத்தாலும் வருவதுதான். போகும்முன் இரண்டு வாய் ஆகாரம், கையோடு ஒரு போத்தல் தண்ணீர். இதைப் பத்து நாள் செய்து பாருங்கள். வாரத்தில் மூன்று நாளுக்குமேல் தலைவலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

குனிந்து பால்மரம் வெட்டியவர்களுக்கும், காண்டா வாளி சுமந்தவர்களுக்கும், செம்பனைக் குலை தூக்குகிறவர்களுக்கும் இடுப்பு வலி கூடப்பிறந்த சொத்து. முன்பெல்லாம் "படுத்தே கிட" என்பார்கள். நாள்கணக்கில் படுத்தால் தசை இறுகி வலி நீடிக்கும் என்பதே இன்றைய மருத்துவம். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, மெல்ல நடமாடுங்கள். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தானாகப் போனாலோ அது தைலத்துக்கு அடங்கும் வலி அன்று. முகம் ஒருபுறம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். கைமருந்து தேடாமல் 999ஐ அழையுங்கள்.

"காற்றுப் பிடிச்சிருக்கு" என்று சொல்லும் முன்

நெஞ்சு அடைக்கிறது, வியர்க்கிறது என்றால் நம் வீடுகளில் உடனே கேட்கும் வார்த்தை, "காத்துதான், ஓமத்தண்ணி குடி." பல சமயம் அது உண்மையில் கேஸ்ட்ரிக்காகத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரம் தவறினாலும், காரம் மிகுந்தாலும், சாப்பிட்டதும் படுத்தாலும் நெஞ்செரியும்.

ஆனால் நெஞ்சின் நடுவில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் மாரடைப்பாக இருக்கக்கூடும். பெண்களுக்கும் சீனி நோய்க்காரர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் அசதியுமாகக்கூட வரலாம். இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைத்தபின் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. "விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காற்றாக இருந்தால் டாக்டர் சிரித்து அனுப்பட்டும்; நமக்கு என்ன நஷ்டம்?

தோலும் மருந்தடிப்பும்

விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் தாங்கமுடியாத அரிப்பு, வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வருகிறது என்றால் அது சிரங்குப் பூச்சி. வேப்பிலைத் தண்ணீர் அரிப்பை ஆற்றும், பூச்சியைக் கொல்லாது. கிளினிக்கில் கொடுக்கும் களிம்பை வீட்டில் அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் பாதம் வரை பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசுங்கள். கட்டில் துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஒருவருக்கு மட்டும் பூசினால் பூச்சி சுற்றிச் சுற்றி வரும்.

புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களுக்கு நகம் நிறம் மாறுவதும், மூக்கில் இரத்தம் வருவதும், கண் எரிவதும் நெடுங்காலமாக உண்டு. அவற்றில் கொடிய பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020இல் தடை வந்தது. மற்ற மருந்துகளும் தண்ணீர் அல்ல. மருந்தடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது பிள்ளைகளுக்கு வைக்கும் உலை. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துக் கலத்தை லேபிளோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அசதி: சிறிய புகார், பெரிய நோய்

"ஒரே அசதியா இருக்கு." இதை நோய் என்று யாரும் எண்ணுவதில்லை. அசதியோடு தாகம், இரவில் நாலைந்து முறை சிறுநீர், ஆறாத புண், மெலிவு என்றிருந்தால் அது சீனி நோய் தட்டும் கதவு. 2019இல் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்குச் சீனி நோய் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 100க்கு 31 பேர். மூன்றில் ஒருவர் என்ற கணக்கை அப்போது நெருங்கியிருந்தோம்! விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும், தெரிந்துவிடும். இரத்த அழுத்தத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்; அது பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது.

"மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கட்டுக்கடங்காத சீனிதான் கிட்னியைக் கெடுக்கிறது. பாகற்காயும் வெந்தயமும் நல்ல ஆகாரம், தாராளமாகச் சாப்பிடுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். செம்பனை முள் தைத்தால் சீனி நோய்க்காரருக்கு அந்தச் சிறு குத்தே காலை இழக்கும் அளவுக்குப் போகலாம். ஆகையால் பூட்ஸ் போடுங்கள், இரவில் படுக்கும்முன் பாதத்தைப் பாருங்கள், முள் குத்திய காயத்துக்கு டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

வீட்டில் ஒரு பெட்டி

பழைய பிஸ்கட் டின் ஒன்று போதும். அதில் தெர்மோமீட்டர், ஐந்தாறு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாராசிட்டமோல், புண் கழுவும் மருந்து, சுத்தமான கட்டுத்துணி ஆகியவற்றை வையுங்கள். பிள்ளைகளின் எடையும் மருந்தளவும் எழுதிய ஒரு தாளையும், கிளினிக் அட்டைகளையும் அதிலேயே வையுங்கள். பெட்டி பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

தாய்மார்களே, பாட்டிமார்களே! உங்கள் கைமருந்தை விட்டுவிடச் சொல்லி இதை எழுதவில்லை. சுக்கும் ஒத்தடமும் கஞ்சியும் ஆறுதல் தரும். அந்த ஆறுதலும் ஒரு மருந்துதான். அதோடு அந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதனால்? எத்தனை நாள்? எதைக் கண்டால் புறப்பட வேண்டும்? இன்றைக்கே சீனி, உப்பு, தண்ணீர் அளவை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு எழுதச் சொன்னால் அதுவும் கற்றுக்கொள்ளும்.

பிள்ளை ஒரு வாய்த் தண்ணீர் கேட்டால், நம் லயங்களிலும் தாமான்களிலும் இனி எந்தத் தாயும் மறுக்காமல் கொடுக்கட்டும்.